உள்ளங்கைக் கற்பூரம்

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு செய்தி பரவுகிற வேகத்துக்கு முன்னால் வெளிச்சமே நொண்டிதான். அப்படியிருந்தும் அன்று காலை ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி ஒன்று கடைசியாகத்தான் ஷில்பாவுக்கு வந்து சேர்ந்தது. அந்தச் செய்தியே அவளைப் பற்றியதுதான்.

வாரம் பூராவும் மழை. தங்கம் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய சயனைடு மண்மேடு ஊறி, செத்த யானையின் முதுகுபோலக் கிடந்தது. அப்பாவின் மளிகைக் கடைக்கு மேலே இருந்த வீட்டில் சுவரெல்லாம் ஓதம். அம்மா மணியம்மாள் உலர்த்திய புடவை காய்வதற்குள் ஒரு கல்யாணத்தை நிச்சயித்து நடத்தி முடித்துவிடலாம்.

ஷில்பா ஜன்னலோரம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளை இரண்டு பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டிருந்தன. ஒன்று கான்பூர், இன்னொன்று ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம். இரண்டுமே அணுசக்தி இன்ஜினியரிங் மேல்படிப்பு. ஸ்டாக்ஹோமுக்கு இன்று மாலைக்குள் வருகிறேன், வரவில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கான்பூரில் அணு உலையை எரிக்கக் கற்றுத் தருவார்கள். ஸ்டாக்ஹோம் படிப்பு அந்த உலை எரிந்து ஓய்ந்த பிறகு ஆரம்பிப்பது. மிஞ்சுகிற நஞ்சைச் செம்புக் குடுவையில் அடைத்து, களிமண் சுற்றி, யார் கையிலும் சிக்காதபடி ஆழப் பாறைக்குள் புதைத்து வைப்பது எப்படி என்பதுதான் அங்கே பாடம். ஷில்பாவின் மனசு முழுக்க அந்தப் பாறைக்குள்தான் கிடந்தது.

இந்த வித்தியாசம் வீட்டில் அவளுக்கும் அண்ணன் ராகவுக்கும் மட்டும்தான் தெரியும். போன வாரம் அப்பா துளசிராமன் கேட்டபோது, "ரெண்டும் ஒண்ணுதான்பா. அங்க ஐஸு, இங்க வெயிலு. அவ்ளோதான்" என்று ராகவ் அளந்துவிட்டிருந்தான்.

அப்பா அந்த நிமிஷமே ஸ்வீடனுக்கு ஓட்டுப் போட்டுவிட்டார். "கான்பூர்னா, செருப்பு வாங்கவா போறான்னு கேப்பானுங்க" என்றார். அம்மாவின் ஓட்டு கான்பூருக்கு. "ரயிலேறினா வந்துடலாம். சமுத்திரத்தத் தாண்டிட்டா யாரு கூப்ட்டாலும் காது கேக்காது."

ஷில்பா மட்டும் எந்தப் பொத்தானையும் அமுக்காமல் இருந்தாள். காரணம் ஸ்டாக்ஹோமிலும் இல்லை, கான்பூரிலும் இல்லை. அப்பாவின் வலது உள்ளங்கையில் ஒரு வட்டத் தழும்பாக இருந்தது.

மாடிப்படியில் யாரோ உருண்டு மேலே வருவதுபோலச் சத்தம். ராகவ்.

"ஷில்பா, கீழ வா! இல்ல, வராத. இல்ல, வந்துடு!"

"இன்னாடா ஆச்சு?"

"ஆஷ்லி..."

"ஆஷ்லிக்கு இன்னா?"

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. நமக்குத்தான்."

ஆஷ்லி ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன். பேட்டையில் காது குத்தினாலும் ஃப்ளெக்ஸ், கண்ணை மூடினாலும் ஃப்ளெக்ஸ். ஒரு விஷயம் நடந்ததா இல்லையா என்று இங்கே யாரும் விசாரிப்பதில்லை. ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். மகள் முடிவெடுக்கும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாத துளசிராமன், யாரிடமும் சொல்லாமல் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்.

கடைத்தெரு முக்கில், நனைந்த மூங்கில் சாரத்தின் மேல், ஒரு பஸ்ஸையே போர்த்தலாம் என்கிற அகலத்தில் நின்றது அது. ஷில்பாவின் தலையில் பட்டமளிப்புக் குல்லாய். அவள் காதுக்குள் நுழைந்து மறு காது வழியாக வெளியேறப் போவதுபோல ஒரு விமானம். ஓரத்தில் கைகூப்பிய துளசிராமன், நிஜத்தைவிட இருபது வயசு குறைந்து, வெள்ளைக்காரன் நிறத்தில்.

ஷில்பா போய்ச் சேர்ந்தபோது அப்பா அங்கேதான் இருந்தார். குடையைக்கூட மடக்கி வைத்துவிட்டு, நனைந்தபடி, கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"கன்னடம் மட்டும் படிக்கத் தெரிஞ்சவங்களும் இருக்கீங்க இல்ல? கேளுங்க, நானே வாசிக்கிறேன்!"

தொண்டையைச் செருமிக்கொண்டார். துளசிராமனின் தொண்டை சாதாரணத் தொண்டை அல்ல. கடையில் நின்று "பருப்பு வந்தாச்சு" என்று சொன்னால் தள்ளியிருக்கிற மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் அடுப்பு மூட்டுவார்கள்.

"பூமிக்கடியில்..." என்று ஆரம்பித்தார். "பூமிக்கடியில் அணுக்கழிவை... அணுக்கழிவைப் புதைக்கும்..."

குரல் சரிந்தது. வாசிப்பதை நிறுத்தத் தெரியாமல், சைக்கிளில் பிரேக் அறுந்தவரைப்போலக் கடைசிவரை போனார்.

"...புதைக்கும் கலையைக் கற்க ஸ்டாக்ஹோம் பறக்கும்... எங்கள் தங்கமே."

கூட்டம் அண்ணாந்து ஃப்ளெக்ஸை மறுபடி படித்தது.

"வெறும் வாழ்த்துகள்னு போட்டா எவன் படிப்பான்?" என்று ஆஷ்லி உற்சாகமாக முன்னால் வந்தான். "காலேஜு வெப்சைட்ல போயி, கோர்ஸ் இன்னான்னு பாத்து, போன்லயே தமிழாக்கிப் போட்டேன். ஒரு எழுத்துப் பிழை இருந்தாச் சொல்லுங்க அங்கிள்!"

பிழையே இல்லை. அதுதான் பெரிய பிழை.

ஷில்பா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. மூடிக்கிடக்கிற தங்கச் சுரங்கத்தில் அணுக்கழிவைக் கொண்டுவந்து போடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஊரே கொதித்துப்போய்க் கடையடைப்பு நடந்தது. அன்று முன்னால் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் வியாபாரிகள் சங்கத் தலைவர் துளசிராமன். இன்னொருவர் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் குடியிருக்கும் சரோஜம்மா. அவள் புருஷன் ராஜப்பா நைட் ஷிப்டுக்குக் கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். கீழே பாறை வெடித்து அந்த ஆழத்துச் சுரங்கப்பாதையே மூடிக்கொண்டது. உடம்பை மேலே கொண்டுவர முடியவில்லை. இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறார்.

"எம் புருஷன் தலமேலயா கொட்டுவீங்க?" என்று சரோஜம்மா மாரடித்துக்கொண்டபோது, துளசிராமனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. இதே முக்கில், வெறும் உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். "எங்க குடும்பத்துல ஒருத்தரும் இந்தப் பாவத்துக்குத் துணை போக மாட்டோம், அக்கா. இது சத்தியம்!" கற்பூரம் அணையும்வரை கையை அசைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு அமாவாசைக்கும் சரோஜம்மா அவர் கடையில்தான் கற்பூரம் வாங்குவாள். சுரங்கத்துக்குள் இறங்குகிற, இப்போது வேலி போட்ட ஷாப்ட் வாசலில் போய் ஏற்றிவிட்டு வருவாள்.

இன்றைக்கும் அமாவாசை.

கூட்டத்தில் யாரோ ஒருவர், பெயர் சொல்லாத தைரியத்தில், "கையில கொளுத்தினது கற்பூரமா கல்கண்டா, தலைவரே?" என்றார். சிரிப்பு எழும்பவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

---

கடைக்குள் வந்ததும் துளசிராமன் கல்லாவில் உட்காரவில்லை. உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னியேடா" என்றார் மகனைப் பார்த்து.

ராகவ் தராசுத் தட்டைப் பார்த்தபடி நின்றான். தட்டு அவன் பக்கம் சாயவில்லை.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. நான்தான் சொல்லிருக்கணும்."

"சரி. ஒண்ணும் குடி முழுவிப்போவல. கான்பூருக்குப் போ. கரண்ட் எடுக்கிற படிப்பு படி. ஃப்ளெக்ஸ மாத்திடலாம்."

"எனக்கு அது வேணாம்பா."

"குப்பை கொட்டுறதுக்கா இவ்ளோ படிச்ச?"

"ஆமா" என்றாள் ஷில்பா. "அன்னிக்கு ஊர்வலத்துல நான் உங்க கையப் புடிச்சிகினு வந்தேன். ஞாபகம் இருக்கா? இங்க வேணாம், இங்க வேணாம்னு எல்லாரும் கத்தினீங்க. நான் ஒண்ணு கேட்டேன். 'அப்ப எங்கப்பா வெப்பாங்க?'ன்னு."

துளசிராமன் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தீங்க."

"கொழந்தை கேட்டா வேற இன்னா பண்றது?"

"நான் இன்னும் அதையேதான்பா கேட்டுகினு இருக்கேன். அந்தக் கழிவு எங்கியோ தொட்டியில தண்ணிக்குள்ள கெடக்கு. தானா போவாது. யாராச்சும் ஒருத்தர் கத்துக்கணும்."

"அந்த யாராச்சும் துளசிராமன் பொண்ணாத்தான் இருக்கணுமா?" அவர் குரல் கடையைத் தாண்டவில்லை. அந்தத் தொண்டையை அப்படிக் கேட்டதே இல்லை அவள். "நான் பேசினதெல்லாம் பெருசு பெருசாத்தான் பேசிருக்கேன். ஊருக்கும் தெரியும். பாதிக்குப் பாதி தள்ளிட்டுத்தான் கேப்பாங்க. தள்ளாமக் கேட்டது அந்த ஒரு சத்தியத்தத்தான். அதையும் சரோஜக்கா மட்டுந்தான் முழுசா நம்புச்சு."

உள்ளிருந்து மணியம்மாள் காபி கொண்டுவந்தாள். யாரும் எடுக்கவில்லை. ஆடை படிந்து, சுருங்கி, அதுவும் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"சரோஜம்மாவ நான் போய்ப் பாக்குறேன்" என்றாள் ஷில்பா.

"போவாதடி" என்றாள் அம்மா. "இன்னிக்கு அமாவாசை. அவ புருஷன்கிட்ட பேசற நாளு."

---

சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், மழைக்கு ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. சரோஜம்மா வீட்டு வாசலில் தலையைக் குனியாமல் நுழைய வேண்டுமென்றால் பூனையாகப் பிறந்திருக்க வேண்டும்.

சரோஜம்மா வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"காலத் தொடச்சிகினு வா."

ஷில்பா துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்கப்பன் அனுப்சானா?"

"இல்லம்மா. நானாத்தான் வந்தேன்."

"உள்ள கெடக்குதே, அந்தாளுக்கு வடைன்னா உசுரு" என்றாள் சரோஜம்மா, மாவை வழித்தபடி. "வேலியாண்ட வெச்சிட்டு வரேன். ஒரு கறுப்பு நாயி துன்னுட்டுப் போவுது. அதுக்கும் அமாவாசை எப்பன்னு தெரியும், காலண்டர் பாக்காமலே." பிறகு அதே குரலில் கேட்டாள்: "நீ பொதைக்கப் போற சமாச்சாரம் எத்தினி நாளிக்கி இருக்கும்?"

"லட்சம் வருஷம்."

சரோஜம்மா சிரித்தாள். ஈரச் சுவர் உதிர்ந்த மாதிரி ஒரு சிரிப்பு.

"அந்தாளு உள்ள போனது நேத்து மாதிரி இருக்குது. அதுக்குள்ள ஊரு மறந்துபோச்சு. பேரச் சொன்னா 'யாரு?'ன்றானுங்க. லட்சம் வருஷத்துக்கு எவன் ஞாபகம் வெச்சிகினு, இங்க தோண்டாதீங்கன்னு சொல்லப் போறான்?"

ஷில்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அதையும்தான்மா அங்க படிக்கிறாங்க. மொழியே மாறிப்போனாலும் எப்படி எச்சரிக்கிறதுன்னு."

"நல்லாப் படி. அப்புறம்? அங்க கத்துகினு இங்க வந்து கொட்டுவ."

"கொட்ட மாட்டேன். இது வெடிக்கிற பாறை. உள்ள பூராத் தண்ணி. இங்க வெக்கக் கூடாதுன்னுதான் நான் நெனைக்கிறேன்."

"அப்பச் சரி."

சரோஜம்மா கையைக் கழுவினாள். சாமி மாடத்திலிருந்து ஒரு துண்டுக் கற்பூரத்தை எடுத்து வந்தாள், போன அமாவாசைக்கு வாங்கியதில் மிஞ்சியது.

"கைய நீட்டு. ஒன் உசுரு இருக்கிற மட்டும் அது இங்க வராதுன்னு சத்தியம் பண்ணு. ஒங்கப்பன நான் விட்டுடறேன். நீ ராணியாட்டம் போய்ட்டு வா."

ஷில்பா கையை நீட்டினாள். கற்பூரம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பல்லிமுட்டை கனம்கூட இல்லை. அப்படியும் தோள்பட்டை வரைக்கும் இறக்கியது.

சொல்லிவிடலாம். ஒரே வரி. அப்பாவின் மானம், ஊரின் வாய், இந்த அம்மாவின் அமாவாசை எல்லாம் அந்த ஒரு வரியில் சரியாகிவிடும். சரோஜம்மா தீப்பெட்டியைத் திறந்தாள்.

"எனக்கு இன்னிக்குத் தெரிஞ்ச வரைக்கும்..." என்று ஆரம்பித்தாள் ஷில்பா.

குச்சி உரசாமல் நின்றது. "தெரிஞ்ச வரைக்குமா?"

"நான் இன்னும் படிக்கவே இல்லம்மா. படிக்காத ஒண்ணுக்கு ஆயுசுக்கும் எப்படிச் சத்தியம் பண்றது? வெக்கக் கூடாதுன்னு நெனைக்கிறேன். நெனைக்கிறது வேற, சத்தியம் வேற. உங்ககிட்ட என்னால பொய் சொல்ல முடியாது."

சரோஜம்மா தீப்பெட்டியை மூடினாள். பிறகு அந்தக் கையிலிருந்து கற்பூரத்தை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை. விழுந்த பால்பல்லைப் பொறுக்குவதுபோல, மெதுவாக.

"ஒங்கப்பன் யோசிக்காமப் பண்ணான். அதான் நம்பினேன்" என்றாள். "போ. எண்ணெ காயுது."

---

மாலையில் மழை வலுத்தது. வானம் இறங்கி வந்து சுரங்க வாசல்களின் இரும்புக் கோபுரங்களான ஹெட்கியர்களின்மேல் உட்கார்ந்து, எழுந்திருக்க மனசில்லாமல் அழுதது.

ஃப்ளெக்ஸை ராகவ் மத்தியானமே அவிழ்த்துக் கொண்டுவந்துவிட்டான். துளசிராமன் அதைக் கிழிக்கவில்லை. வியாபாரி எதையும் வீணாக்க மாட்டார். கடை வாசலில் நனைகிற உப்பு மூட்டைகளின்மேல் போர்த்தியிருந்தார். ஷில்பாவின் முகம் தலைகீழாகத் தொங்க, பட்டமளிப்புக் குல்லாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கல்லாவின்மேல், நியூஸ்பேப்பரில் மடித்து நூல் சுற்றிய ஒரு கற்பூரப் பொட்டலம். ஒவ்வொரு அமாவாசைக்கும் விளக்கு வைப்பதற்கு முன்பே சரோஜம்மாவுக்காகக் கட்டி வைப்பார். இன்றும் கட்டி வைத்திருந்தார்.

ஷில்பா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து போனை எடுத்தாள். திரையில் வருகிறேன், வரவில்லை என்று இரண்டு கட்டங்கள். விரல் போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது.

"எத அமுக்கின?" என்றார் அப்பா, திரும்பாமல்.

"ஸ்டாக்ஹோம்."

அவர் யாரும் கேட்காத துவரம்பருப்பை எடுத்து நிறுத்தார். நிறுத்ததை மறுபடி சாக்கிலேயே கொட்டினார். மறுபடி அள்ளினார்.

"சரோஜக்காவ பாத்தியே. இன்னா சொன்னாங்க?"

"சத்தியம் பண்ணச் சொன்னாங்க. நான் பண்ணல."

தராசுத் தட்டு ஆடி நின்றது.

"ஒரு வார்த்தம்மா" என்றார் துளசிராமன். "ஒரே ஒரு வார்த்த. எனக்காகக்கூடவா?"

"உங்களுக்காகத்தான்பா பண்ணல. நம்ம வீட்ல இனிமே யாராச்சும் சத்தியம் பண்ணா அது நிக்கணும்."

அவர் தெருவைப் பார்த்தார். ஷில்பாவும் பார்த்தாள்.

மழைக்குள் ஒரு பழைய கறுப்புக் குடை வந்துகொண்டிருந்தது. குடை பிடித்த சரோஜம்மாவின் மறு கையில் வடைத் தூக்கு. துளசிராமன் எழுந்துவிட்டார். பொட்டலத்தைக் கையில் எடுத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பெண் கேட்டு வந்தவர்களை வரவேற்கப் போகிறவரைப்போல ஒரு படி கீழே இறங்கினார்.

குடை கடைக்கு நேராக வந்தது. நின்றது. அப்புறம் தெருவைக் கடந்து, எதிர்க்கடைக்குள் போனது.

அந்த எதிர்க்கடைக்காரர் துளசிராமனுக்குப் போட்டியாகப் பதினைந்து வருஷமாக வாய் ஓயாதவர். சரோஜம்மா வந்து நின்றதும் அவரே பேச்சற்றுப்போய், துளசிராமனைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு கற்பூரம் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் சாவு விழுந்தால்கூட வியாபாரி மறுநாள் கடைக் கதவைத் திறந்துவிடுவார். நம்பி வந்த கை எதிர்க்கடையில் நீளுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு மட்டும் எந்த அப்பனும் பிள்ளையைப் பழக்குவதில்லை. துளசிராமன் அந்தப் படியிலேயே நனைந்தார். பொட்டலமும் நனைந்தது.

சரோஜம்மா வெளியே வந்தாள். ஷாப்டுக்குப் போகிற பக்கம் திரும்ப வேண்டியவள், திரும்பவும் தெருவைக் கடந்தாள். உப்பு மூட்டைகளின் முன்னால் நின்று, தலைகீழாகத் தொங்கிய ஷில்பாவின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். காற்றில் தூக்கிக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸின் ஓரத்தை இழுத்து, மூட்டைக்கு அடியில் செருகினாள்.

பிறகு படியில் நின்ற துளசிராமனிடம் நெருங்கிப்போய் ஏதோ சொன்னாள். நாலே வார்த்தை இருக்கும். மழை அவ்வளவையும் தின்றுவிட்டது. உள்ளே இருந்த ஷில்பாவுக்கு உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

குடை சாம்பியன் ரீப்ஸ் ஷாப்ட் பக்கம் போய் மறைந்தது.

"இன்னா சொன்னாங்கப்பா?"

துளசிராமன் உள்ளே வந்தார். பொட்டலத்தைக் கல்லாவில் வைத்தார். வலது கையை விரித்து, அந்த வட்டத் தழும்பை, முதல்தடவை பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

"அப்பா! இன்னா சொன்னாங்க?"

அவர் கையை மூடிக்கொண்டார். எந்த வியாபாரியும் கடையை மூடாத, விளக்கு வைத்த நேரத்தில், கடைத்தெருவே பார்த்துக்கொண்டிருக்க, ஷட்டரைத் தரைவரைக்கும் இழுத்துவிட்டார்.